இளநீர் ஏந்தி வந்த தோணிகள்: மாலத்தீவில் விருந்தினரும் தீவினரும்

ஹிஜ்ரி 744-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1343-இன் இறுதியில், கோழிக்கோட்டிலிருந்து புறப்பட்ட கப்பலொன்று பத்து நாள் பயணத்திற்குப் பின் மாலத்தீவை அடைந்தது. அதில் வந்தவர் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனம் செல்லப் புறப்பட்டு, கப்பல் உடைந்து, உடைமை இழந்து அலைந்துகொண்டிருந்த காலம் அது. அவர் தம் பயண நூலில் அத்தீவினரின் வழக்கம் ஒன்றைப் பதிவு செய்துள்ளார். அயல்நாட்டுக் கப்பல் வந்தவுடன் ஊர்மக்கள் சிறு தோணிகளில் வெற்றிலையும் இளநீரும் ஏந்தி எதிர்கொண்டு செல்வர். கப்பலில் உள்ளோரில் தாம் விரும்பும் ஒருவருக்கு அவற்றைக் கொடுப்பர். பெற்றுக்கொண்டவர் கொடுத்தவரின் விருந்தினராவார். அவருடைய பொருள்கள் உறவினரின் பொருள்களைப் போல அவ்வீட்டிற்குக் கொண்டு செல்லப்படும்.

அந்த இளநீருக்கு அவர் தரும் பெயர் 'கரன்பா' என்பதாகும். மாலத்தீவின் திவேகி மொழியில் இன்றும் அது 'குரும்பா' எனவே வழங்குகிறது. தென்னையின் இளம்பிஞ்சைக் குரும்பை என்று சொல்லும் நமக்கு இச்சொல் அயலானதன்று.

அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்து, 1972-ஆம் ஆண்டு அக்டோபரில், அந்நாட்டின் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. அதற்கு இட்ட பெயரும் குரும்பா என்பதே. ஆனால் அது அமைந்த விஹாமனாஃபுஷி மக்கள் வாழாத தீவு. இளநீர் பெற்றவர் அன்று ஊருக்குள் உறவினராக நுழைந்தார். இன்று இளநீர் பெறுபவர் ஊரையே காணாமல் திரும்பிச் செல்கிறார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வரலாற்றை, தீவில் வாழும் மக்களின் பக்கம் நின்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழந்தீவுகளும் நம் கரையும்

மாலத்தீவு ஏறத்தாழ 1,190 பவளத் தீவுகளின் தொகுதி. பவளத் தீவுக் கூட்டத்தைக் குறிக்க உலக மொழிகள் பலவும் வழங்கும் 'அட்டோல்' என்னும் சொல்லே திவேகி மொழியிலிருந்து சென்றதுதான். முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் கூறும் பன்னிரண்டாயிரம் பழைய தீவுகள் மாலத்தீவே என ஆய்வாளர் பலர் கருதுவர். தூத்துக்குடியிலிருந்து மாலேக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகளையும், அங்கிருந்து வந்த மாசிக் கருவாட்டையும் நம் கடற்கரை ஊர்கள் நன்கறியும். மீனுக்குத் திவேகி மொழியில் 'மஸ்' என்று பெயர்.

கி.பி. 1153-இல் அந்நாட்டு மன்னர் இஸ்லாத்தைத் தழுவினார். பவளக்கல்லைச் செதுக்கி எழுப்பிய பள்ளிவாசல்கள் அத்தீவுகளின் தனிச் சிறப்பு. மாலேயில் சுல்தான் முதலாம் இப்ராஹீம் இஸ்கந்தர் 1658-இல் கட்டிய ஹுகுரு மிஸ்கி என்னும் ஜும்ஆப் பள்ளி இன்றும் நிற்கிறது. மீன், கயிறு, சோழி ஆகிய மூன்றுமே பல நூற்றாண்டுகள் அம்மக்களை வாழவைத்தன. வங்கத்துச் சந்தைகளில் நாணயமாகப் புழங்கிய சோழிகள் அங்கிருந்தே சென்றன. நான்கு இலட்சம் சோழிகள் ஒரு பொற்காசுக்கு விற்றன என்று இப்னு பதூதா கூறுகிறார்.

ஆகவே, அயலாரின் வருகை அத்தீவுகளுக்குப் புதிதன்று. அதனால் எழும் உரசலும் புதிதன்று. மாலேயில் இப்னு பதூதாவைக் காழியாக அமர்த்தினர். அவர் ஜும்ஆவுக்கு வராதோரைத் தண்டித்தார். பெண்கள் மேலாடை அணியவேண்டும் என்று வற்புறுத்தினார். தம் வழக்கு மன்றத்திற்கு வரும் பெண்களை ஆடை மூடி வரச் செய்ய முடிந்ததே தவிர, அதற்கு வெளியே தம்மால் இயலவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பின்னர் அமைச்சரோடு பிணக்கு முற்றி, 1344-இல் தீவை விட்டு நீங்கினார். இலங்கை வழியாக மஃபர் கரைக்கு, அதாவது நம் தமிழ்க் கரைக்கு வந்து சேர்ந்தார். எனினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அவர் அவ்வூரில் வாழ்ந்தார். அங்கேயே மணம் புரிந்தார். அந்நாட்டின் சட்டத்திற்கு உட்பட்டே வாழ்ந்தார். வந்தவருக்கும் இருந்தவருக்கும் இடையே வழக்கு எழுந்தாலும் இருவரும் ஒரே ஊரில் முகம் பார்த்து நின்றனர். பிற்காலத்தில் இழந்துபோனது இதுவே.

கிராவரு மக்கள் இடம்பெயர்ந்த கதை

மாலேக்கு அண்மையில் கிராவரு என்னும் சிறு தீவு உள்ளது. அங்கு வாழ்ந்தோர் தம்மை அத்தீவுகளின் பழங்குடியினர் எனக் கூறிக்கொண்டனர். அவர்களுடைய மூதாதையர் தமிழ்நிலத் தொடர்புடையோர் எனும் மரபை மாலத்தீவு மக்களைப் பற்றி ஆராய்ந்த மானிடவியலாளர் கிளாரன்ஸ் மலோனியும் குறிப்பிட்டுள்ளார். உடையிலும் வழக்கிலும் அவர்கள் தனித்தன்மை பேணினர்.

1968-ஆம் ஆண்டில் இம்மக்கள் தம் தீவை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஜும்ஆத் தொழுகைக்கு வேண்டிய நாற்பது ஆண்கள் ஊரில் இல்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊராருக்கு இந்த நாற்பது என்னும் எண்ணிக்கையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஃபிக்ஹு நூல்களில் அந்த எண்ணிக்கை தொழுகை நிறைவேறுவதற்குரிய நிபந்தனையாகவே பேசப்படுகிறது. நாற்பதின்மர் இல்லாத ஊரில் லுஹர் தொழுதால் போதும். ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று எந்த இமாமும் சொன்னதாக நாம் அறியோம். வணக்கத்திற்குரிய ஒரு நிபந்தனை நிர்வாகத்தின் கையில் குடிபெயர்ப்பு விதியாக மாறிவிட்டது.

கிராவரு மக்கள் முதலில் ஹுல்ஹுலே தீவில் குடியமர்த்தப்பட்டனர். அங்கு விமான நிலையம் விரிவடைந்தபோது மறுபடியும் பெயர்க்கப்பட்டு மாலேயின் மாஃபன்னு பகுதிக்குச் சென்றனர். நகரத்தில் கலந்த பின் அவர்தம் தனி வழக்குகள் பெரும்பாலும் மறைந்தன. அவர்கள் விட்டுவந்த தீவோ பின்னர் உல்லாச விடுதியாயிற்று. அவர்களைச் சுற்றுலாவுக்காகவே அகற்றினர் என்று நாம் கூறவில்லை. 1968-இல் அந்நாட்டில் சுற்றுலா விடுதியே இல்லை. ஆயினும் முதல் இடப்பெயர்வுக்கு வணக்கத்தின் பெயரும் இரண்டாவதற்கு வளர்ச்சியின் பெயரும் சூட்டப்பட்டன என்பதும், இரண்டிலும் அம்மக்களின் விருப்பம் முதலிடம் பெறவில்லை என்பதும் எண்ணத்தக்கன.

ஒரு தீவு, ஒரு விடுதி

1965-இல் பிரிட்டிஷ் பாதுகாப்பிலிருந்து விடுதலை பெற்று 1968-இல் குடியரசான மாலத்தீவு, உலகின் மிக ஏழை நாடுகளுள் ஒன்றாக இருந்தது. குரும்பா விடுதி 30 அறைகளுடன், பவளக்கல் சுவரும் தென்னங்கீற்றுக் கூரையுமாகத் தொடங்கியது. அவ்வாண்டு வந்தோர் ஏறத்தாழ ஆயிரம் பேர். 1981-இல் ஹுல்ஹுலே பன்னாட்டு விமான நிலையமான பின் வருகை பெருகியது. 2024-இல் வந்தோர் தொகை 20 இலட்சத்தைக் கடந்தது. 2022 கணக்கெடுப்பின்படி நாட்டில் வாழ்வோர் சுமார் 5,15,000 பேரே. அவர்களிலும் நான்கில் ஒரு பங்கினர் வெளிநாட்டுத் தொழிலாளர். வாழ்வோரைப் போல் நான்கு மடங்கு மக்கள் ஆண்டுதோறும் வந்து செல்லும் நாடு அது.

இப்பெருக்கத்தைத் தாங்க அரசு கண்ட வழி, மக்கள் வாழாத தீவு ஒவ்வொன்றையும் ஒரு விடுதிக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுவதாகும். விடுதித் தீவில் மதுவும் பன்றி இறைச்சியும் உண்டு. நீச்சலுடையில் கரையில் கிடக்கலாம். ஊர்த் தீவில் இவை யாவும் விலக்கு. 1980-களில் ஊர்த் தீவுகளில் இருந்த விருந்தினர் இல்லங்களும் மூடப்பட்டன. பயணிகள் பகலில் வழிகாட்டியுடன் ஊரைப் பார்த்துச் செல்லலாம். இரவு தங்க அனுமதி வேண்டும் என்றாயிற்று. அப்போதைய அதிபர் மஃமூன் அப்துல் கய்யூம் அல்-அஸ்ஹரில் பயின்றவர். மக்களின் மார்க்க வாழ்வை அயல் வழக்கங்களிலிருந்து காப்பதே இப்பிரிவினையின் நோக்கம் எனக் கூறப்பட்டது.

அந்நோக்கம் ஓரளவு நிறைவேறியது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. வேறு நாட்டுக் கடற்கரைகள் பலவற்றைச் சிதைத்த பல தீமைகள் மாலத்தீவின் ஊர்களுக்குள் நுழையவில்லை. பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும் எழுந்ததற்குச் சுற்றுலா வருவாயே பெருந்துணை. எனினும் இச்சுவருக்கு ஒரு விலை இருந்தது. அதைச் செலுத்தியோர் ஊர்மக்கள்.

முதலாவது, வருவாய் ஊரை எட்டவில்லை. ஓர் இரவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கும் விடுதிகள் உண்டு. அதன் விளக்குகள் தெரியும் தொலைவிலுள்ள ஊரில் கடை வைத்திருப்பவரிடம் அப்பயணி ஓர் இளநீர்கூட வாங்கியதில்லை. உணவுப் பொருள் கப்பலிலும் விமானத்திலும் வந்தது. வேலையாட்களில் பெரும் பகுதியினர் வெளிநாட்டினர். மது புழங்கும் தனித்தீவில் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்யத் தம் பெண்மக்களை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். ஆகவே நாட்டின் தலையாய தொழில் அந்நாட்டுப் பெண்களுக்குப் பெரிதும் எட்டாததாயிற்று.

இரண்டாவது, நிலமும் கரையும் சுருங்கின. மக்கள் வாழாத தீவு என்பது பயனற்ற தீவு அன்று. மீனவர் கரையேறி இளைப்பாறவும், தேங்காய் பறிக்கவும், விறகு சேர்க்கவும் அவை தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டன. குத்தகைக்குப் போன பின் அங்கு அவர்கள் அந்நியராயினர். நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவர்க்கும் பங்குண்டு என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் அறிவோம். பொதுவளம் தனியார் வேலிக்குள் செல்லும்போது, அதை இழப்போருக்கு ஈடு என்ன என்பது அந்நபிமொழி எழுப்பும் கேள்வியாகும்.

கடலில் யாருக்குப் பங்கு?

மாலத்தீவு மீனவர் சூரை மீனை வலையால் வாரிப் பிடிப்பதில்லை. தூண்டிற்கோலால் ஒவ்வொன்றாகப் பிடிப்பர். அதற்கு உயிருள்ள சிறு இரைமீன் வேண்டும். அவை பவளப்பாறையை ஒட்டியே கிடைக்கும். விடுதிகளோ தம்மைச் சூழ்ந்த பவளப்பாறையை முக்குளிப்போர் கண்டுகளிக்கும் காட்சியாகக் கருதின. இரைமீன் பிடிப்பதில் இரு சாராருக்கும் பிணக்கு எழுந்தது.

சுறாவை வைத்தும் இத்தகைய பிணக்கு எழுந்தது. 1993-இல் வெளிவந்த ஆய்வொன்று, மீனவர் பிடித்து விற்கும் பாறைச் சுறா ஒன்றின் மதிப்பு 32 டாலர் என்றும், முக்குளிப்போர் பார்த்து மகிழும் இடத்தில் உயிரோடு இருந்தால் அது ஆண்டுக்குச் சராசரி 3,300 டாலர் ஈட்டித் தரும் என்றும் கணக்கிட்டது. 1998-இல் சுற்றுலாப் பகுதிகளிலும் 2010-இல் நாடு முழுவதும் சுறாப் பிடித்தல் தடை செய்யப்பட்டது. கடல்வளம் காக்கும் நோக்கில் இது போற்றத்தக்க முடிவே. ஆனால் அக்கணக்கின் உள்ளே ஒரு நுட்பம் உண்டு. 32 டாலர் மீனவரின் கைக்குச் செல்வது; 3,300 டாலர் பெரும்பாலும் விடுதிக்கும் முக்குளிப்பு நிலையத்திற்கும் செல்வது. நாட்டிற்கு இலாபம் என்று சொல்லும்போது, நாட்டில் யாருக்கு என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை.

சட்டத்தின் இரு முகம்

ஊரில் ஒரு சட்டமும் விடுதியில் ஒரு சட்டமும் என்ற நிலை நெடுநாள் அமைதியாக நீடிக்க முடியாது. 2007 செப்டம்பர் 29 அன்று மாலேயின் சுல்தான் பூங்காவில் வெடித்த குண்டில் அயல்நாட்டுப் பயணிகள் 12 பேர் காயமுற்றனர். விருந்தினர் மீது கைவைத்த அச்செயலை மார்க்கத்தின் எந்த அளவுகோலும் ஏற்காது.

2011 டிசம்பர் 23 அன்று மார்க்கத்தைக் காப்போம் என்னும் முழக்கத்துடன் எதிர்க்கட்சியினரும் மார்க்க அமைப்பினரும் மாலேயில் பெரும் பேரணி நடத்தினர். அதற்கு மறுமொழியாக அதிபர் முஹம்மது நஷீதின் அரசு, விடுதிகளில் உள்ள உடற்பிடிப்பு நிலையங்களை மூட ஆணையிட்டது. மதுவும் பன்றி இறைச்சியும் இறக்குமதி செய்வது முறையா என்று உச்ச நீதிமன்றத்தின் கருத்தையும் கேட்டது. சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நீதிமன்றம் கருத்துரைக்க முன்வரவில்லை. எத்தரப்பும் விடையை விரும்பவில்லை எனலாம். விடை கிடைத்தால், ஒன்று வருவாயை இழக்க வேண்டும். அல்லது இரட்டை வழக்கை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கு நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. மதுவைப் பற்றி வீதியில் எழுந்த குரல், தீவுகளின் குத்தகை எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதைப் பற்றி அதே அளவில் எழவில்லை. தீவுகளும் கடற்காயல்களும் குத்தகைக்கு விடப்பட்டதில் பல கோடி டாலர் அரசுக் கருவூலத்தைச் சேரவில்லை என்று தணிக்கைத் தலைவரின் சிறப்பு அறிக்கை 2016-இல் வெளிப்படுத்தியது. ஹராம் என்பது கோப்பையில் மட்டும் இருப்பதன்று. பொதுச்சொத்தை மோசம் செய்வதும் அதே சொல்லுக்கு உரியதுதான்.

ஊர் மீண்டும் கதவு திறந்தது

2008-ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தைத் தொடர்ந்து விதிகள் தளர்த்தப்பட்டன. 2010 முதல் ஊர்த் தீவுகளில் மீண்டும் விருந்தினர் இல்லங்கள் தோன்றின. 2004 ஆழிப்பேரலையில் பெரிதும் பாதிக்கப்பட்ட மாஃபுஷி என்னும் தீவு இதில் முன்னின்றது. வீட்டின் ஒரு பகுதியை அறைகளாக்கியவர், படகு வைத்திருந்தவர், உணவுக்கடை நடத்தியவர் எனப் பலரும் முதன்முறையாகச் சுற்றுலா வருவாயை நேரே கண்டனர். இன்று நாடெங்கும் இத்தகைய இல்லங்கள் 800-க்கும் மேல் உள்ளன.

சுவர் இடிந்தபோது உரசலும் ஊருக்குள் வந்தது. நீச்சலுடையில் குளிப்போருக்கெனக் கரையின் ஒரு பகுதி மறைப்பிட்டு ஒதுக்கப்பட்டது. ஊரின் சிறந்த கரை அதுவாயின் ஊர்ப்பெண்களும் பிள்ளைகளும் எங்குச் செல்வர் என்ற கேள்வி எழுந்தது. ஊரில் மது விலக்கு நீடிப்பதால் மது வழங்கும் படகுகள் சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கலாயின. ஆயினும் விடுதிக் காலத்திற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கு ஆடை விதியை எழுதிக் கரையில் நாட்டுவது ஊரார். பாங்கொலி கேட்கும் தொலைவில் தங்குபவர் பயணி. வழக்கு எழுந்தால் ஊர் மன்றத்தில் பேசித் தீர்க்க இடமுண்டு. இப்னு பதூதா காலத்து முகம் பார்க்கும் உறவு, குறைகளோடு, ஓரளவு திரும்பியுள்ளது.

கயிறு திரித்த கைகள்

எல்லாத் தீவுக்கும் இவ்வாய்ப்பு அமையவில்லை. வடக்கே குல்ஹுதுஃபுஷி என்னும் ஊரில் அலையாத்திக் காடு சூழ்ந்த ஈரநிலம் ஒன்று இருந்தது. அதன் சேற்றில் தேங்காய் மட்டையை ஊறவைத்துக் கயிறு திரிப்பது அவ்வூர்ப் பெண்களின் தொழில். ஏமனுக்கும் இந்தியாவுக்கும் சென்று கப்பல் பலகைகளைத் தைத்ததாக இப்னு பதூதா புகழ்ந்த அதே மாலத்தீவுக் கயிறு அது. 2017-இல் விமான நிலையம் அமைப்பதற்காக அந்த ஈரநிலத்தின் ஒரு பகுதியை மணல் கொட்டித் தூர்க்கத் தொடங்கினர். 2019-இல் விமான நிலையம் திறக்கப்பட்டது. ஊருக்கு விமானப் போக்குவரத்து வேண்டும் என்று விரும்பிய ஊராரும் பலர் இருந்தனர். அதனையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் விமானத்தின் பயனைப் பெறுவோரும் சேற்றுக்குளத்தை இழந்தோரும் ஒருவரல்லர்.

1992 முதல் மாலேயின் குப்பையும் விடுதிகளின் குப்பையும் கொட்டப்பட்டு வளர்ந்த திலஃபுஷி தீவு இக்கதையின் மற்றொரு பக்கம். வெண்மணல் தீவுகளின் படங்களில் அதற்கு இடமில்லை. இதற்கெல்லாம் ஈடாகப் பயணிகளிடம் 2015 முதல் பசுமை வரி வாங்கப்படுகிறது. 2025 சனவரி முதல் விடுதிகளில் நாளொன்றுக்கு 12 டாலராகவும் சிறு விருந்தினர் இல்லங்களில் 6 டாலராகவும் அது உயர்ந்தது. வரி விதிப்பது சரியான தொடக்கம். அது கயிறு திரித்த கைகளையும் இரைமீன் தேடும் தோணியையும் சென்றடைகிறதா என்பதே அளவுகோலாக இருக்கவேண்டும்.

விருந்தின் எல்லை

விருந்தோம்பல் மூன்று நாள் என வரையறுத்த மார்க்கம், விருந்தளிப்பவரைச் சங்கடத்துக்கு உள்ளாக்கும் அளவுக்கு விருந்தினர் தங்கியிருத்தல் ஆகாது என்றும் சொல்கிறது. விருந்தினரின் உரிமையை நாம் அடிக்கடி பேசுகிறோம். விருந்தளிப்போரின் உரிமையைப் பேசுவதில்லை. மாலத்தீவின் வரலாறு இந்த இரண்டாம் பாதியை நமக்கு நினைவூட்டுகிறது. தீவுக்கு உரியவர் யாரோ அவரிடம் கேட்டே கதவு திறக்கப்படவேண்டும். அவர் கையால் கொடுத்தால்தான் இளநீர் விருந்தாகும்.

மாலத்தீவினரின் வாழ்வை நாம் பேசும்போது பெரும்பாலும் மதுவும் உடையுமே நம் நாவில் வருகின்றன. இப்னு பதூதா என்னும் பேரறிஞரும் காழிப் பதவியில் அமர்ந்து அவற்றையே முதலில் கண்டார். அத்தீவினரின் மனத்தை வெல்லாமலே கப்பலேறினார். ஆனால் காழியாவதற்கு முன் கப்பலின் விளிம்பில் நின்று அவர் கண்டெழுதிய அந்தத் தோணிகள்தாம் இன்றளவும் அவருடைய எழுத்தில் ஒளிவிடுகின்றன. கிராவருவை இழந்தோரின் மக்களும், குல்ஹுதுஃபுஷியில் கயிறு திரித்தோரும் கேட்பது பெரிதன்று. தம் கரையில் தாம் விருந்தளிப்போராகவே இருக்கவேண்டும் என்பதுதான். அதை மறுக்கும் எந்த வளர்ச்சியையும் நாம் அமானிதம் பேணிய வளர்ச்சி என்று சொல்வதற்கில்லை.